பூரிக்கு வரும் போன்

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வராமலே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள் சுந்தரவல்லி. சனி முடிந்ததும் நேரே திங்கள் வந்து நிற்கட்டுமே, யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, கறிக்கடைக்காரனுக்கு வேண்டுமானால் வயிறு எரியும். மத்தியானம் யார் வீட்டிலோ வறுத்த மீனின் வாசனை மாடிப்படியிலேயே தங்கிவிட்டிருந்தது. வெயில் பால்கனிக் கம்பியை விட்டு இறங்க மனசில்லாமல் நின்றது. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பூரியின் இடுப்பில் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள். பூரி என்றால் நாய். மகன் இளமாறன் வைத்த பேர். குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவன் தட்டிலிருந்த பூரியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடி, அதைத் தின்னவும் தெரியாமல் விடவும் மனசில்லாமல் அதன் மேலேயே படுத்துத் தூங்கிப்போனான். இப்போது முகவாயெல்லாம் நரைத்து, கண்ணில் பால் படர்ந்து, இடுப்பு மூட்டு தேய்ந்து கிடக்கிறான். கிழவனைப் போய் பூரி, பூரி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. போகட்டும், தனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம், இந்த மூஞ்சிக்குச் சுந்தரவல்லி என்று பேர், ரேஷன் கடைக்காரன் சிரிக்காமல் கூப்பிடுகிறானே, அவன் நல்லவன். கை வலித்தது. பையை இடது கைக்கு மாற்றினாள். இன்றைக்கு ஏழு மணிக்குப் போன் வரும். வரக் கூடாது. வராமல் போய்விட்டால் அதையும் தாங்க முடியாது. பை ஆறிப்போயிருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் சுட வைக்க வேண்டும், யார் எழுந்திருப்பது என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் செய்தாகிவிட்டது. சொல்லாததையும் செய்தாகிவிட்டது. மொசைக் தரையில் கால் வழுக்கினால் இருக்கிற எலும்பும் போய்விடும் என்று அந்த அம்மா சொன்னதும், அரிசிச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், சட்டியிலிருந்து பால்கனி வரைக்கும் பாதை போட்டாள். குனிந்து குடித்தால் கழுத்தும் முன்னங்காலும் பாரம் தாங்காது என்று சட்டியை முக்காலி மேல் ஏற்றினாள். உடம்பு இளைக்க வேண்டும் என்றதால் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள், அவன் காலித் தட்டைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான் பாருங்கள், அப்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகப் பால்கனி மூலையில் தாம்பாளத்தில் ஆற்றுமணல். மாசத்துக்கு ஒரு ஊசி. தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை. 'உங்க முட்டிவலி மாத்திரையில பாதியை உடைச்சுக் குடுத்துடாதீங்கம்மா, குடல் புண்ணாயிரும், கிட்னி போயிரும். பூனை வளக்கிறவங்க தெரிஞ்சா அவங்ககிட்டயும் சொல்லுங்க, அதுக்கு நம்ம காய்ச்சல் மாத்திரை ஒண்ணே எமன்.' நல்ல மாதிரி அந்த டாக்டரம்மா, பூரியைத் தொடுவதற்கு முன்னால் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். கத்தினால்தான் வலி என்று நினைக்கக் கூடாதாம். வலியை மறைத்துக்கொள்ளும் ஜாதியாம் நாயும் பூனையும். எழுந்திருக்கும்போது தொடை நடுங்குகிறதா, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, படியைப் பார்த்ததும் நின்று யோசிக்கிறதா, அதைப் பாருங்கள் என்றாள். பார்த்தாள். பார்க்க ஆரம்பித்தால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. தூக்கத்தில் அவன் பெருமூச்சு விட்டால் இவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, இவள் புரண்டு படுத்தால் அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல தூக்கம் தூங்கி எத்தனை நாளாயிற்று. இத்தனையும் பலித்து, வியாழன் வெள்ளிக்கெல்லாம் சாக்குப் பாதையில் தானாகவே நடந்து போய்த் தண்ணீர் குடிக்கிறான், சனிக்கிழமை வாலைக்கூட ஆட்டிவிட்டான், நேற்று. அதை நினைத்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஏனென்றால் ஆறு நாள் பாடுபட்டுத் தேற்றியதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே கூப்பாட்டில் உடைத்துவிடுவார்கள், அவளும் அவள் மகனும். கனடாவில் அப்போதுதான் அவனுக்குப் பொழுது விடிந்திருக்கும். வீடியோவில் முகம் வரும், தலைமுடி கலைந்திருக்கும், 'என்னம்மா' என்பான், 'என்னடா' என்பாள், அவ்வளவுதான் அம்மாவுக்கும் மகனுக்கும், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உடனே அவன், 'டேய் பூரீ!' என்று கூவுவான். இந்தப் பூரி இருக்கிறானே, இவனுக்குக் காது மந்தம். குக்கர் விசில் கேட்காது. தீபாவளிக்குப் பக்கத்திலேயே வெடித்தார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குரல் மட்டும் எந்த வழியாகத்தான் உள்ளே போகுமோ, படுத்த இடத்தில் நாலு காலும் உதற ஒரு துள்ளல், முன்னங்காலால் பின் உடம்பை இழுத்து நிறுத்துவான், தொடை வெடவெடவென்று ஆடும். போனை அவன் மூஞ்சிக்கு நேரே பிடிப்பாள். மோந்து பார்ப்பான். கண்ணாடியில் என்ன வாசனை இருக்கும், ஆளைக் காணோமே என்று மாறனின் அறைக்குப் போவான், பீரோவுக்குப் பின்னால் பார்ப்பான், கட்டிலுக்கடியில் தலையை விடுவான், அங்கேயும் இல்லையென்றதும் வாசல் கதவைப் பிறாண்டுவான். திறக்காவிட்டால் அழுவான், அந்த அழுகையைக் கேட்கிற நெஞ்சு அவளுக்கு இல்லை. திறந்தால் சாக்கில்லாத சிமெண்டுப் படியில், லிப்ட் இல்லாத இந்த ஹவுசிங் போர்டு வீட்டின் இரண்டாம் மாடியிலிருந்து தரை வரைக்கும், ஒவ்வொரு படியாக விழுந்து எழுந்து இறங்கி, ஒரு காலத்தில் மாறன் பைக் நிறுத்தின தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். படியை அவள் போனில் காட்ட மாட்டாள், கதவைப் பிறாண்டுகிற சத்தத்தைக் கேட்டே மாறன் சிரிப்பான். 'பாரும்மா, இன்னும் என்னைத் தேடுறான்.' ஆமாண்டா, தேடுறான் என்று அவளும் சிரிப்பாள். சிரித்தாளே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

சிரித்தது மட்டுமா. இளமாறன் பார்க்கும்போது பூரி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சனிக்கிழமை மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்து வைத்து, ஞாயிறு சாயங்காலம் இரண்டையும் சேர்த்துத் தயிர்சோற்றில் பொதிந்து ஊட்டினவள் யார். ஈரத் துணியால் பீளை துடைத்து, பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரி அவனை அலங்காரம் பண்ணி நிறுத்தினவள் யார். ஆளைக் கொல்கிற வேலை என்று அப்போது தோன்றவில்லை, பையன் தூரத்தில் தனியாக இருக்கிறான், கவலைப்படுவானே என்றுதான் தோன்றியது, இப்போது யோசித்தால் அது பாதிப் பொய். திங்கட்கிழமை விடிந்தால் பூரி எழுந்திருக்க மாட்டான், படுத்த இடத்திலேயே ஈரமாகிக் கிடப்பான், வெட்கப்பட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். டாக்டரம்மா கேட்டாள், 'ஏம்மா, வார ஆரம்பத்துல மட்டும் இவன் ஏன் இப்படி ஆயிடறான், வீட்டுல என்னதான் நடக்குது?' 'தெரியல டாக்டர்.' தெரியலையாம். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில். போன ஞாயிறு இறங்கும்போது படி திரும்புகிற இடத்தில் பின்னங்கால் மடங்கி உருண்டு விழுந்தான். கத்தவில்லை. விழுந்த இடத்திலிருந்து அவளை ஏறிட்டுப் பார்த்தான், அவ்வளவுதான், என்னவோ இவளுடைய வேலையில் தான் குறுக்கே விழுந்துவிட்ட மாதிரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா படத்தை மேஜையில் வைத்தாள். அப்புறம், 'இன்னொரு தடவை விழுந்தா, வலியில்லாம அனுப்பி வைக்கிற ஊசி ஒண்ணுதாம்மா என்கிட்ட மிச்சம் இருக்கு, புரியுதுல்ல?' என்றாள். புரிந்தது. புரிந்துகொண்டு ஆட்டோவில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு வரும்போது, பெரியார் பஸ் நிலையத்து நெரிசலில், ஆரன் சத்தத்தில், அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா. இவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மாறன் யாரைக் கூப்பிடுவான்? அதுதான் தோன்றியது. சீ என்று இருந்தது அவளுக்கே.

சீ என்று இருந்தால் மட்டும் போய்விடுமா அது. அதையே சுற்றிச் சுற்றி வந்தாள் இந்த வாரம் முழுக்க, பாத்திரம் தேய்க்கும்போது, வெந்நீர் வைக்கும்போது, மணல் மாற்றும்போது. போனை அணைத்து வைத்துவிடலாம். பையன் பதறிப்போவான், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அடிப்பான். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். பேசலாம், என்ன பேசுவது? அவளுடைய வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் மாறனோடு பேசுகிற வேலையை அவர் பார்த்துக்கொண்டார். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன், குரல் எப்போதும் கீழே நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும், கிரிக்கெட்டு, கட்சி, கரண்ட்டு என்று அப்பாவும் பிள்ளையும் கத்திக்கொண்டே இருப்பார்கள், இவள் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள். அவர் போனபோது வந்தான், காரியம் முடிகிறவரை இருந்தான், இருந்த அத்தனை நாளும் பூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேதான் கிடந்தான். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவைக் கட்டிக்கொள்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை, யாரைக் குற்றம் சொல்வது, அவளும்தான் அவன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதோடு கையை எடுத்துக்கொண்டாள். ஏர்போர்ட்டில் கடைசியாகச் சொன்னது என்ன, 'பூரியைப் பார்த்துக்கம்மா.' பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டதற்குக் கூலி மாதிரி வாரம் ஒரு போன். அது யாருக்கு வருகிற போன்? அவளுக்கு இல்லை. நாய்க்கு வருகிற போனை எடுத்துக் கொடுக்கிற ஆள் அவள், ஆபீஸில் உட்கார்ந்து லைன் போட்டுக் கொடுக்கிற பெண்பிள்ளை மாதிரி. அப்படி நினைத்ததும் சிரிப்பு வந்தது. இன்றைக்கென்று சனிக்கிழமை மாத்திரையை மிச்சம் பிடிக்கவில்லை, நேற்றே கொடுத்துவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனசு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மற்றபடி ஒன்றுமே தீர்மானமாகவில்லை.

சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டு லூர்து மேரி எட்டிப் பார்த்தாள். கோயிலுக்குப் போய்வந்த பட்டுச்சேலையை இன்னும் அவிழ்க்கவில்லை. பூரியைக் கீழேயிருந்து மேலே தூக்கிவருவதற்கு அவன் வயிற்றுக்கடியில் துண்டு போட்டு மறுமுனையைப் பிடிக்கிறவள் அவள்தான், ஒவ்வொரு ஞாயிறும் முனகிக்கொண்டே வந்து பிடிப்பாள். 'அக்கா, இன்னிக்கும் இறங்குவானா மாப்பிள்ளை? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு, சொல்லிட்டேன்' என்றாள். 'இன்னிக்கு இறங்க மாட்டான்' என்றாள் சுந்தரவல்லி. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. 'ஏன், உங்க மகன் போன் பண்ண மாட்டாரா?' 'பண்ணுவான்.' லூர்து மேரி கீழே உட்கார்ந்து பூரியின் காதை வருடினாள். பூரி கண்ணைத் திறக்காமலே அவள் விரலை நக்கினான். 'பாவம்க்கா. நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம ஊசியைப் போட்டு அனுப்பிச்சிருங்க, நீங்களும் படாத பாடு படுறீங்க. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா?' கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது. 'வலி இல்லாத நாளும் அவனுக்கு இருக்கு மேரி. வெள்ளிக்கிழமை ஒரு காக்காயைப் பார்த்துக் குரைச்சான். நான்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கெடுத்துவிட்டுடுறேன்.' லூர்து மேரிக்குப் புரிந்ததோ என்னவோ, 'என்னமோ போங்க, காபி போட்டு எடுத்தாறேன்' என்று எழுந்து போனாள். அவள் கொண்டுவந்த காபியைக் குடித்தாள். சீனி தூக்கலாக இருந்தது. வாசல் லைட்டைப் போட்டாள், சாமிக்கு ஒரு விளக்கை ஏற்றினாள், கும்பிட எதுவும் தோன்றாமல் கையைக் குவித்தபடி நின்றாள், போனில் மணிச் சத்தத்தை நிறுத்தி இடுப்பில் செருகிக்கொண்டாள். பூரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முன்னங்கால் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, கனவில் படி கிடையாது போல. ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றவளின் இடுப்பில் போன் உறுமியது.

எங்கே போவது என்று ஒரு நொடி திகைத்தாள். மாறனின் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. சமையலறைக்குக் கதவே கிடையாது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, பச்சையைத் தள்ளினாள். தலை கலைந்த முகம் வந்தது. 'என்னம்மா ஒரே இருட்டா இருக்கு, எங்க இருக்க?' 'பாத்ரூம்ல.' 'பாத்ரூம்லயா? ஏம்மா, விழுந்துகிழுந்துட்டியா?' 'இல்லடா. மெதுவாப் பேசு.' 'என்னாச்சு? பூரி எங்க? டேய் பூ...' 'கூப்பிடாத!' என்றாள். சத்தமே இல்லாமல், ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவனிடம் பேசாத குரலில். அவன் வாய் திறந்தபடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். குறட்டை நிற்கவில்லை, யாரும் எழுந்து வரவில்லை. அப்புறம்தான் சொன்னாள், முன்னும் பின்னுமாக, இடுப்பு மூட்டு தேய்ந்தது, படி, விழுந்தது, எக்ஸ்ரே, இன்னொரு தடவை விழுந்தால் என்ன என்பது. 'உன் சத்தத்தைக் கேட்டா எங்க வலிச்சாலும் எந்திரிச்சுருவான் மாறா. உன்னைத் தேடிக் கீழ வரைக்கும் போயிருவான்.' அவன் முகம் வெளுத்துவிட்டது, 'போன வாரம்கூட நல்லா நின்னானேம்மா, வாலை ஆட்டினானே' என்றான். 'மாத்திரையைச் சேர்த்துக் குடுத்து நிக்க வச்சேன். உனக்குக் காட்டுறதுக்கு.' 'எதுக்கும்மா?' நீ கவலைப்படுவே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், வாரம் முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்த பதில் அது. வந்தது வேறே. 'அவன் வரலைன்னா நீ போனை வச்சிருவ.'

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள், இல்லை, கண் சிமிட்டினான். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ, பிள்ளை வேலைக்குப் போகிற இடத்தில் இதையே நினைத்துக்கொண்டு திரிவானே, இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் தன்னையே வைதுகொண்டிருக்கும்போது அவன், தாழ்ந்த குரலில், போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னான். 'உன்கிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியலம்மா. அப்பா இருந்தா அப்பாகிட்ட பேசுவேன். அதான் நீ எடுத்த உடனே அவனைக் கூப்பிட்டுருவேன்.' ஆக, நினைத்தது சரிதான். ஆறுதலாக இல்லை, குத்தவும் இல்லை, ரொம்ப நாளாகக் கட்டிப்போட்டிருந்த மூட்டையை யாரோ வாங்கித் தரையில் வைத்த மாதிரி இருந்தது, தோள் இன்னும் வலிக்கத்தான் செய்தது. 'எனக்கும் தெரியலடா' என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் காதோரம் நரைத்திருக்கிறது, இதை எப்படிக் கவனிக்காமல் விட்டாள். அவன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையாவது கேட்டாக வேண்டுமே என்கிற மாதிரி கேட்டான். 'என்னம்மா சாப்பிட்ட இன்னிக்கு?' சாம்பார், கூட்டு, அப்பளம் என்று வாயில் வந்து நின்றது. 'ஒண்ணும் சாப்பிடலடா. சமைக்கல.' 'ஏன்?' 'முடியல' என்றாள் சுந்தரவல்லி. அவன், 'முடியலைன்னா என்னம்மா பண்ணுது?' என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இருட்டில் வாளியின் மேல் உட்கார்ந்தபடி, எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள்.